ஒரு பத்திச் செய்தியிலிருந்து ஒரு பக்கக் கட்டுரைக்கு

பத்திரிகை அலுவலகத்துக்குத் தினமும் வந்து குவியும் கட்டுரைகளில் பெரும்பாலானவை வீட்டில் உட்கார்ந்து எழுதியவை. 'நெகிழியின் தீமைகள்', 'முதியோர் இல்லங்கள் பெருகுவது ஏன்?', 'இளைஞர்களிடம் வாசிப்பு குறைந்துவிட்டதா?' என்று தலைப்பு இருக்கும். மொழியில் குறை சொல்ல முடியாது. ஒற்றுப்பிழை இருக்காது. முடிவில் ஒரு குறளும் இருக்கும். ஆனால் எழுதியவர் அதற்காக ஒரு பேருந்து ஏறியிருக்க மாட்டார், ஒருவரிடமும் பேசியிருக்க மாட்டார். துணையாசிரியருக்கு இரண்டாவது பத்தியிலேயே அது தெரிந்துவிடும். அவரிடமே அந்த மாதிரி எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒருவரிடம் வாங்கிப் போட வேண்டிய தேவை என்ன?

அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: நீங்கள் இருக்கும் ஊர். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் மாலை ஐந்தரைக்கு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது சென்னை அண்ணா சாலையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வால்பாறையிலிருந்து கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்ட எஸ்டேட் தொழிலாளி என்ன செய்வார் என்பதும் தெரியாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். எழுத்தால் உள்ளே நுழைந்தவர்களைவிட, தகவலால் நுழைந்து பிறகு எழுத்தைச் சரிசெய்துகொண்டவர்களே பத்திரிகையில் அதிகம்.

முதலில் செய்தி, பிறகு கட்டுரை

பீச்சர் எழுத ஆசைப்படுகிறவர்களில் பலருக்குச் செய்தி எழுதுவது என்றால் கசப்பு. "எனக்கு ரிப்போர்ட்டிங் வேண்டாம் சார், கட்டுரை மட்டும்" என்று கேட்டு வருவார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது, ஒரு வருடமாவது ஏதாவது நாளிதழின் மாவட்டப் பதிப்பில் வேலை பாருங்கள் என்பதுதான். பகுதி நேர நிருபராக இருந்தாலும் சரி.

பாரதியே 1904-ல் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது துணையாசிரியராகத்தான் சேர்ந்தார். ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரிடம் கொடுத்தது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வேலை. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் தலைவர்களின் பேச்சுகளையும் தமிழாக்க வேண்டும். தலையங்கம் எழுதும் வாய்ப்பு அங்கே வரவில்லை. ஆனால் அரசியல் செய்தியைத் தமிழில் எளிதாகச் சொல்லும் கை அந்த மேஜையில்தான் பழகியிருக்க வேண்டும். பின்னால் 'இந்தியா' பத்திரிகையில் அவர் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

செய்தி வேலை என்ன கற்றுத்தரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். நிருபர்கள் எல்லோரும் வாசலில் நிற்பார்கள். யாராவது மண்ணெண்ணெய் கேனோடு வந்தால் அன்றைய செய்தி அதுதான். மற்ற மனுக்கள் கட்டாகிவிடும். நீங்கள் அங்கே நின்றால் மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவரிடம் போய் உட்காருங்கள். இந்த மாதம் எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் வந்தார்கள், எதைப் பற்றி எழுதச் சொன்னார்கள் என்று கேளுங்கள். ஒரே ஊரிலிருந்து மூன்று வாரமாகப் பட்டா மாறுதலுக்கு மனு வருகிறது என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அதை அன்றைக்கு ஒரு பத்திச் செய்தியாகப் போட்டுவிட்டு, பெயர்களையும் கைபேசி எண்களையும் தனி நோட்டில் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஊருக்குப் போனால் கட்டுரை கிடைக்கும்.

இதேபோல அரசு ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், வாரச்சந்தை. இவற்றில் நீங்கள் சேர்ப்பது ஆட்களை. எஃப்.ஐ.ஆர். எப்படி வாசிப்பது, ஆர்.டி.ஓ. கையில் என்ன அதிகாரம், தாசில்தார் கையில் என்ன அதிகாரம், வி.ஏ.ஓ.விடம் எந்தப் பதிவேடு இருக்கும் என்பதெல்லாம் இதழியல் வகுப்பில் ஒரு பாடமாக வரும். வாசலில் நின்றால்தான் பிடிபடும்.

படிப்பு தேவையா என்று எப்போதும் கேட்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது, ஆனால் அங்கே கட்டணம் அதிகம், பாடமும் ஆங்கிலத்தில். தமிழில் எழுத வருகிறவர்களுக்கு 1980-களில் விகடன் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் பெரிய வாசலாக இருந்தது. இன்று பல அலுவலகங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் அதன் வழியாக வந்தவர்கள். பட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் யாரும் கதவை மூடிவிட மாட்டார்கள்.

தலைப்பு வேறு, ஸ்டோரி வேறு

'உப்பளத் தொழிலாளர்களின் அவல வாழ்வு' என்பது தலைப்பு. அது ஸ்டோரி ஆகாது. இதை ஒரு பொறுப்பாசிரியரிடம் சொன்னால், "போன வருஷமே போட்டுட்டோமே" என்பார். அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றி வெயில், கண்கூச்சம், காலில் புண், குறைந்த கூலி என்று எழுதாத பத்திரிகை கிடையாது.

ஸ்டோரி என்பது ஒரு கேள்வி. பதில் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். உப்பளத்தில் வேலை வெயிலை நம்பியது. கடல்நீரோ நிலத்தடி உப்புநீரோ பாத்திகளில் நின்று வற்றி, அடர்த்தி ஏறி, சுமார் 25 டிகிரி போமே வந்ததும் உப்பு படியத் தொடங்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் எல்லாம் கரைந்துவிடும், வேலை நின்றுவிடும். அப்படியானால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் குடும்பங்கள் எதை வைத்து அடுப்பு எரிக்கின்றன? மளிகைக் கடையில் எவ்வளவு கடன் நிற்கிறது? முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் அடுத்த பருவத்தில் அது கூலியில் எப்படிக் கழிகிறது? தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக அறிவித்த 5,000 ரூபாய் எத்தனை நாளைக்குக் காணும், யாருக்குக் கிடைக்காமல் போகிறது? இதில் ஏதாவது ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், வெயிலும் கண்கூச்சமும் தாமாகவே கட்டுரைக்குள் வந்துவிடும். நீங்கள் போய்த் தேட வேண்டியது மளிகைக் கடை நோட்டு.

இந்த வித்தையைக் கற்க நான் எப்போதும் சிபாரிசு செய்வது பி. சாய்நாத் புதுக்கோட்டையைப் பற்றி எழுதியதை. 1993-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் ஃபெல்லோஷிப் கிடைத்து, இந்தியாவின் மிக ஏழை மாவட்டங்களுக்குப் போய் எழுதத் தொடங்கினார். அதற்கு முன்பு மும்பையில் 'பிளிட்ஸ்' வாரப் பத்திரிகையில் துணை ஆசிரியர். தமிழ்நாட்டில் அவர் தேர்ந்தெடுத்தவை ராமநாதபுரமும் புதுக்கோட்டையும். அந்தக் கட்டுரைகள் 1996-ல் புத்தகமாக வந்தன.

புதுக்கோட்டைக்கு வறுமையைத் தேடிப் போனவர் கண்ணில் பட்டது சைக்கிள். அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டிருந்தார்கள். இதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். விழா, பேச்சு, படம் என்று செய்தியாகவும் போட்டிருப்பார்கள். அவர் அதோடு நிறுத்தவில்லை. குவாரித் தொழிலாளி, விவசாயக் கூலி, அங்கன்வாடி ஊழியர் என்று ஒவ்வொருவரிடமும் சைக்கிள் வந்த பிறகு அவர்களுடைய நாள் எப்படி மாறியது என்று கேட்கிறார். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் என்ன ஆயிற்று, விளைந்ததை எத்தனை ஊரில் கொண்டுபோய் விற்க முடிகிறது, தண்ணீர் எடுக்கிற வேலை எவ்வளவு சுருங்கியது என்று. பிறகு சைக்கிள் கடைக்குப் போகிறார். லேடீஸ் சைக்கிள் விற்பனை எவ்வளவு கூடியது என்று கேட்கிறார். கடைக்காரர் தயங்குகிறார், வந்திருப்பவர் விற்பனை வரித் துறை ஆளாக இருந்துவிட்டால்? லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கிவிட்டார்கள், சிலர் முன்பக்கத் தண்டில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே அதை விரும்பினார்கள் என்பதும் அப்படி விசாரித்ததில் வந்ததுதான்.

கவனியுங்கள்: இயக்கம் வெற்றியா தோல்வியா என்று அவர் அதிகாரியிடம் கேட்டு நிறுத்தவில்லை. கடை விற்பனையைக் கேட்டார். என்சிஇஆர்டியின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் அந்தக் கட்டுரை பாடமாக இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களைப் பற்றி வடநாட்டுப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

தமிழிலேயே பழைய உதாரணங்கள் வேண்டுமென்றால் சாவியின் 'நவகாளி யாத்திரை'யைத் தேடிப் படியுங்கள். 'குமரி மலர்' நடத்திய ஏ.கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகளையும் படியுங்கள். செட்டியார் உலகம் சுற்றியவர், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர். ஆனால் எழுத்தில் தன்னை முன்னால் நிறுத்தவே மாட்டார். எதைப் பார்த்தார், யார் என்ன சொன்னார், என்ன விலை, எவ்வளவு தூரம், அவ்வளவுதான். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யும் இந்த வரிசையில் வரும். நம் காலத்தில் தினமணியில் வேலை பார்த்துக்கொண்டே சமஸ் எழுதிய 'சாப்பாட்டுப் புராணம்' நல்ல பாடம். பழைய ஹோட்டல்களைப் பற்றிய சின்னச் சின்னக் கட்டுரைகள். சுவையைப் புகழ்ந்தால் நாலு வரியில் முடிந்துவிடும். அவர் கடையின் கதையைச் சொன்னார். பிறகு அதே கை 'நீர், நிலம், வனம்' தொடரில் கடற்கரையெங்கும் நடந்தது.

பொறுப்பாசிரியருக்குக் கடிதம்

முழுக் கட்டுரையையும் எழுதி அனுப்பாதீர்கள். முதலில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் முன்னால், எந்தப் பக்கத்துக்கு எழுதுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். தினமலரின் வாரமலருக்குப் போகிறது இந்து தமிழின் நடுப்பக்கத்துக்குப் போகாது. நடுப்பக்கத்துக்குப் போகிறது பெண்களுக்கான இணைப்பிதழில் வேறு நீளத்தில், வேறு கோணத்தில் போகும். ஒரு இணைப்பிதழின் நாலைந்து வார இதழ்களை வாங்கி, ஒரு கட்டுரை எத்தனை வார்த்தை, எத்தனை படம், கட்டம் கட்டிய பெட்டிச் செய்தி உண்டா, வெளியார் பெயரில் எத்தனை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நாளிதழில் அரைப் பக்கம் என்றால் பெரும்பாலும் அறுநூறு முதல் எண்ணூறு வார்த்தைதான். இரண்டாயிரம் வார்த்தை அனுப்பினால் வெட்டுவது யார்? உங்களைவிட உங்கள் கட்டுரையைக் குறைவாக நேசிக்கிற ஒருவர்.

நேரமும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வாரத்தின் நடுவிலேயே முடிந்துவிடும். தீபாவளி மலருக்கு ஆடியிலேயே ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். மழைக்காலக் கட்டுரையை மழை வந்த பிறகு சொன்னால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள பொறுப்பாசிரியருக்கு, வணக்கம். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை பார்க்கும் பெண்கள் மழைக்கால மூன்று மாதங்களை எப்படிக் கழிக்கிறார்கள் என்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்புக்கு எழுத விரும்புகிறேன். முள்ளக்காடு, முத்தையாபுரம் பகுதிகளில் உப்பு வாரும் பெண்கள் சிலரிடமும், அவர்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவரிடமும் பேசியிருக்கிறேன். அரசின் மழைக்கால நிவாரணம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு விடுபட்டது என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் விவரம் கேட்டிருக்கிறேன். ஓர் உப்பள உரிமையாளரின் தரப்பையும் வாங்கித் தருகிறேன். எழுநூறு வார்த்தை, நான்கு படங்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் தர முடியும். நான் தூத்துக்குடிக்காரன், மாவட்டச் செய்திகள் எழுதிவருகிறேன். முன்பு வெளியான இரண்டு கட்டுரைகளை இணைத்திருக்கிறேன்."

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேள்வி ஒரு வரியில் வந்துவிட்டது. வீட்டைவிட்டு வெளியே போயிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. எதிர்த்தரப்பும் வரும் என்று சொல்லியாகிவிட்டது; ஆசிரியருக்கு முதல் கவலையே அதுதான். நீளம், படம், தேதி இருக்கிறது. 'சமூக அக்கறையோடு எழுதுபவன்' என்ற வரி இல்லை. அதை எல்லோரும் எழுதுகிறார்கள்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, முதலில் அனுப்பியவருக்கு அதை ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்கு அனுப்பி, இரண்டு இடத்தில் ஒரே வாரம் வெளிவந்தால் இரண்டு வாசலும் மூடும். சென்னைப் பத்திரிகை உலகம் சின்னது, டீக்கடையில் சொல்லிவிடுவார்கள்.

களத்தில்

"உங்க வருமானம் எவ்வளவுக்கா?" என்று கேட்டால் வரும் பதிலை வைத்து எதையும் எழுத முடியாது. நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்று தெரியாதபோது எவரும் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார். "நேத்து என்ன குழம்பு வச்சீங்க? மீன் வாங்கி எவ்வளவு நாளாச்சு? பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் எப்பக் கட்டினீங்க, அதுக்குப் பணம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டால் கதை வரும். வருமானத்தை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போய், "மழைக்காலத்துல பாக்கி எவ்வளவு நிக்கும் அண்ணாச்சி?" என்றால் அவர் நோட்டைப் புரட்டியே சொல்வார். சொல்லும்போது ஆட்களின் பெயரும் வரும். அந்தப் பெயர்கள் உங்கள் நோட்டோடு நிற்கட்டும். கட்டுரைக்கு வர வேண்டாம்.

காலை பத்து மணிக்குப் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்பினால் உப்பளத்தில் நீங்கள் பார்ப்பது வெள்ளைக் குவியல் மட்டும். வெயிலுக்குப் பயந்து வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். வேலை தொடங்கும்போது அங்கே இருக்க வேண்டுமானால் முந்தின இரவே அந்தப் பகுதியில் தங்க வேண்டும். என்ன செருப்பு, கையில் என்ன துணி, சாப்பாட்டுத் தூக்கில் என்ன, வாரிய உப்பை வரப்பில் எப்படிக் குவிக்கிறார்கள், யார் அளவு குறிக்கிறார், யார் பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் பிடித்துவிட்டோமே என்று விடாதீர்கள். படத்தில் வாசனையும் சத்தமும் விழாது.

கைபேசியில் பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதிவு இருந்தாலும் நோட்டில் முக்கிய வரிகளையும் எண்களையும் குறியுங்கள். உப்பளக் காற்றில் பதிவு பாதி கேட்காது. கிளம்புவதற்கு முன் பெயரை அவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டு, அவர்கள் கண்முன்னாலேயே எழுதிக் காட்டுங்கள். வயது, ஊர் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். பிழை வந்தால் ஊரில் சிரிப்பார்கள். அடுத்த தடவை பேச மாட்டார்கள்.

அரசின் எண்கள் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு. கேள்வியை அகலமாகக் கேட்காதீர்கள். 'உப்பளத் தொழிலாளர் நலனுக்கு என்ன செய்தீர்கள்?' என்றால் திட்டங்களின் பட்டியலைத் தட்டி அனுப்பிவிடுவார்கள். 'இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, தாலுகாவாரியாக, மழைக்கால நிவாரணம் பெற்றவர்கள் எத்தனை பேர், விண்ணப்பித்தும் நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?' என்று கேளுங்கள். பதில் தாமதமாக வரும் என்பதால் இதை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

எழுதும்போது

எழுதுவதைப் பற்றி நிறையச் சொல்லலாம். இந்த நூலின் மற்ற அத்தியாயங்களில் வருகிறது. இங்கே ஒன்று மட்டும். 'கதிரவன் தன் பொற்கதிர்களை வீசத் தொடங்கிய வேளையில்' என்று தொடங்காதீர்கள். சி.பா. ஆதித்தனார் 1942-ல் தினத்தந்தியைத் தொடங்கியதிலிருந்து சொல்லிவந்தது, பேசுகிற தமிழில் எழுதுங்கள் என்பதுதான். அதைச் செய்தியாளர்களுக்கான கையேடாகவே எழுதிவைத்தார். செய்திக்குச் சொன்னது கட்டுரைக்கும் பொருந்தும். டீக்கடையில் பெஞ்சில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்போது நிற்காமல் ஓடுகிற வாக்கியம் வேண்டும். உங்கள் முதல் பத்தியைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வெட்டுங்கள்.

பேட்டி கொடுத்தவரின் பேச்சு வழக்கை அப்படியே போடுங்கள். ஆனால் கேலியாகும் அளவுக்கு வேண்டாம். மாவட்ட வழக்கை எழுதத் தெரியாமல் எழுதினால் அந்த மாவட்டத்துக்காரரே முதலில் கண்டுபிடிப்பார்.

சட்டத்தில் சில இடங்களில் தடுக்கிவிடக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு. பெயரை மாற்றிவிட்டு, பள்ளி, தெரு, அப்பாவின் தொழில் மூன்றையும் எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். பெயரை மறைத்தோமே என்ற சமாதானம் கோர்ட்டில் எடுபடாது. ஒருவர் மீது குற்றம் சாட்டுகிற வரி இருந்தால் அவருடைய விளக்கத்தைக் கேட்டு, எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதைக் கட்டுரையில் சேருங்கள். அவதூறு வழக்கு வந்தால் பத்திரிகையோடு உங்கள் பெயரும் சேர்ந்துதான் வரும்.

அனுப்பும்போது யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் அனுப்பினால் டெஸ்க்கில் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். அந்தப் பிழை அச்சிலும் வரும். படங்களை வாட்ஸ்அப்பில் சுருக்காமல் மின்னஞ்சலில், இடமிருந்து வலமாக யார் யார் என்ற குறிப்போடு.

சன்மானமும் உரிமையும்

தமிழில் ஃப்ரீலான்ஸ் கட்டுரைக்குக் கிடைக்கும் சன்மானத்தை மட்டும் வைத்து வீடு நடத்த முடியாது. முகத்தைச் சுளிக்காமல் இதை ஏற்றுக்கொண்டால்தான் மற்றவற்றைத் திட்டமிட முடியும். சில நூறு ரூபாய் தரும் இடமும் உண்டு. சில ஆயிரம் தரும் இடமும் உண்டு. கேட்கும்வரை தராத இடமும் உண்டு. அதனால் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களில் அநேகர் மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், புரூஃப், ஆவணப்பட ஆய்வு, மற்றவர் பெயரில் நினைவுக் குறிப்பு எழுதுவது என்று ஏதாவது ஒரு காலை வேறு இடத்தில் ஊன்றியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத முடிந்தவர்கள் ஒரே களவேலையை இரண்டு மொழியிலும் எழுதலாம். கோணத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பெரிய விஷயத்துக்கு நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் இந்தியா போன்ற அமைப்புகளின் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். 2014-ல் சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணைய இதழில் கிராமப்புறக் கட்டுரைகளுக்கு இடம் உண்டு, தமிழிலும் வெளியாகிறது.

வேலையில் இருக்கும் பத்திரிகையாளருக்குப் பாதுகாப்புக்கென்று 1955-லேயே உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. யார் யார் பத்திரிகையாளர் என்று அது தந்த பட்டியலில் பீச்சர் எழுதுபவரும் இருந்தார். ஆனால் அது பத்திரிகையில் பணியமர்த்தப்பட்டவருக்கானதாகவே இருந்தது. ஃப்ரீலான்ஸருக்கு உள்ள பாதுகாப்பு அவர் கையில் வைத்திருக்கும் கடிதமும் பதிப்புரிமைச் சட்டமும்தான்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு எழுதாத ஒருவர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் அவரேதான். பத்திரிகைக்குச் சம்பள வேலையாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. மற்ற உரிமைகள் எழுதியவருக்கு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா. இவ்வளவு இருக்கும்போது, 'எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக' என்ற வரி உள்ள தாளில் ஆயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டு 'முதல் அச்சு வெளியீடும் உங்கள் இணையதளமும்' என்று எழுதி அனுப்பிப் பாருங்கள். நிறைய இடங்களில் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்; அந்தத் தாள் எங்கிருந்தோ நகலெடுத்தது, அலுவலகத்தில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

கட்டுரை வெளியான அன்றே பில் அனுப்புங்கள். கட்டுரைத் தலைப்பு, வெளியான தேதி, பக்கம், பேசிய தொகை, பான் எண், வங்கி விவரம் இருந்தால் போதும். வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால், பிடித்தது வருமான வரித் துறையின் தளத்தில் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அலுவலகக் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள். பணம் வராதபோது பொறுப்பாசிரியரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர் கையில் காசோலை இல்லை. கணக்குப் பிரிவில் ஒருவரின் பெயரையும் நேரடி எண்ணையும் முதல் கட்டுரையின்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். ஐந்தாம் தேதிக்கு மேல் கூப்பிடுங்கள். அந்த அழைப்புக்கு முன்னால் அடுத்த கட்டுரைக்கான கடிதம் பொறுப்பாசிரியருக்குப் போயிருக்கட்டும். பாக்கி வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் இரண்டும் நின்றுவிடும்.